கொய்ங் பாய் அடித்த பரீட்சை மணி

புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் இடையே ஓசை எழுப்பிய எந்தப் பொருளும் கொய்ங் பாயிடம் நல்ல பெயர் வாங்கியதில்லை. மாவு மில், பஸ் ஹாரன், என்னுடைய தும்மல் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பார்.

திருமயம் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்த மனிதர். கடைக்குள்ளிருந்து எந்நேரமும் ‘கொய்ங்’ என்று கேட்டதால் ஊர் அப்படியே பெயர் வைத்துவிட்டது.

“எந்தச் சத்தத்துக்கும் நாலு இருக்கு சார். எடுப்பு, இறக்கம், நிலை, முடிப்பு. ஒங்க தும்மல்ல எடுப்பு பலம். முடிப்புதான் சுத்தமா இல்ல” என்பார்.

ஒருநாள் பஸ்ஸை மறித்து, “ஹாரன எடுத்த எடுப்புல கத்த விடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏறி வரட்டும்” என்றார். டிரைவர் எட்டிப் பார்த்து, “அது ஏறி வர்றதுக்குள்ள வண்டி ஆள் மேல ஏறிடும், அங்கிட்டு நகருங்க பாய்” என்றார்.

அறுபதுகளின் தொடக்கம். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஹெட்மாஸ்டர் செருமினால்கூட எழுந்து நின்றுவிடுவேன்.

பாய் ரேடியோ வால்வுகளை வைத்து ஒரு பெட்டி செய்திருந்தார். முன்பக்கம் அவர் சொன்ன அந்த நாலுக்கும் நான்கு குமிழ்கள். ஒன்றைத் திருகினால் குத்துவிளக்கைத் தட்டினாற்போல் ‘டங்’ என்று எழுந்து அடங்கியது. அதையே மாற்றித் திருகினால் நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல் மெல்ல ஏறி நின்றது. “நாதம் ஒண்ணுதான் சார். எப்புடி வருது, எப்புடிப் போவுதுங்கிறதுலதான் அது மணியா குழலான்னு இருக்கு” என்றார். நான் வாயைப் பிளந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது பள்ளிக்கூடத்து மணி திருட்டுப் போனது. மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. ஹெட்மாஸ்டர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவரைத் தேற்றுவதாக நினைத்து, “பாய்கிட்ட ஒரு பெட்டி இருக்கு சார்” என்றேன்.

“நீங்க பொறுப்பா?”

தலை தானாக ஆடிவிட்டது. இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை.

பரீட்சையின் முதல் நாள். ஆபீஸ் அறையில் பெட்டி, வேப்பமரத்தில் ஒலிபெருக்கியின் தகரக் குழாய். வெளியூரிலிருந்து வந்த சூப்பரின்டெண்ட் கடிகாரத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எங்கோ ஒரு வண்டு பறந்தது. வண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. சூப்பரின்டெண்ட் அண்ணாந்து, “இங்க தேன்கூடு இருக்கா?” என்று கேட்டார்.

நான் ஆபீஸ் அறைக்கு ஓடினேன். “பாய், என்னங்க இது!”

“புள்ளைக ஏற்கெனவே பயந்துபோயி உக்காந்திருக்கு சார். படார்னு அடிச்சா படிச்சதெல்லாம் மறந்துடும்.”

“என் வேலை போயிரும் பாய்!”

என் முகத்தைப் பார்த்தார். எடுப்புக் குமிழைத் திருகிச் சரி செய்தார். அடுத்த மணிகள் எல்லாம் ‘டங்’ என்று ஒழுங்காகவே அடித்தன. இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசி மணி அடிக்கவிருந்த நொடியில் மறுபடி வண்டு பறந்துவிடுமோ என்ற பயத்தில் பாய்ந்து ஒரு குமிழை முழுப் பலத்தோடு திருகிவிட்டேன்.

“அது எடுப்பு இல்ல சார், முடிப்பு!” என்று பாய் கத்தியபோதே மணி அடித்தது. அருமையான ‘டங்’. ஆனால் அடங்கவே இல்லை. ‘ங்ங்ங்’ என்று ஊரெல்லாம் ஓடியது. பாய் குமிழைத் திருப்பப் போனார்; அது கையோடு கழன்று வந்தது. பிளக் பீரோவுக்குப் பின்னால்.

ஹாலில் பேனாவை வைத்த பிள்ளைகள் மறுபடி எடுத்துவிட்டார்கள். “மணி இன்னும் அடிச்சு முடியலையே சார்” என்று ஒரு பெண் எழுதிக்கொண்டே சொன்னாளாம். நாங்கள் மூச்சு முட்ட பீரோவை நகர்த்திப் பிளக்கைப் பிடுங்கினோம். அதன் பிறகும் வால்வு ஆறும்வரை அது முனகியது.

சூப்பரின்டெண்ட் உள்ளே வந்தார். “யாரு இதுக்குப் பொறுப்பு? எழுத்துல வேணும்.”

பாய் என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தார்.

“பெட்டி என்னோடதுங்க. நாந்தான் தப்பாத் திருகிட்டேன். சார் இங்கிட்டு வரவே இல்லை.”

எழுதிக் கையெழுத்தும் போட்டார். சூப்பரின்டெண்ட் இரண்டு முறை படித்தார். பீரோவின் தூசி அப்பியிருந்த என் சட்டையைப் பார்த்தார். அரை நிமிடத்தில் யாரும் பாஸாகிவிடப் போவதில்லை என்று முணுமுணுத்தபடி காகிதத்தை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை என்பது, ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரமானபோதுதான் எனக்கு உறுதியானது.

எல்லோரும் போன பிறகு நான் ஆபீஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் வீட்டுக்குப் போய்த் தூக்குச்சட்டியில் இடியாப்பம் கொண்டுவந்தார்.

“காலையிலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்புடலை. சாப்புடுங்க.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.