மகாராணிக்குப் புது லைட்

என் வீட்டுக்காரரை நான் ஒரே ஒரு தடவைதான் ஏமாற்றினேன். அதுவும் பக்கத்து வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு. அதை நினைத்தால் இப்போதும் பாத்திரம் தேய்க்கிற கை அப்படியே நின்றுவிடுகிறது.

எல்லாம் என் வீட்டுக்காரர் போட்ட சபதத்தில் ஆரம்பித்தது.

"மகாராணிக்குப் புது லைட் போடாம ஓயமாட்டேன்!"

மகாராணி நான் இல்லை. எங்கள் கார். அவர் பிறப்பதற்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்த கார். உருண்டை மூக்கு, உருண்டை லைட்டு. கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். தினமும் அதைத் துடைப்பார். என் முகத்தில் மாவு ஒட்டியிருந்தால் சாயங்காலம் வரைக்கும் ஒட்டியே இருக்கும்.

சபதத்துக்குக் காரணம் நான்தான். ஏழாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். பாப்பா பிறந்த பிறகு எப்படியாவது பத்தாவது எழுதிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம் இருக்கிறது. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை வகுப்பு. போக பஸ் உண்டு, அந்த நேரத்தில் திரும்பி வர பஸ் கிடையாது. மூன்று நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு நாலாம் நாள் அவரிடம் கேட்டேன்.

"படியேன், தாராளமாப் படி. நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வர்றேன். ஆனா இருட்டுல மகாராணியை எடுக்க முடியாதே. ரெண்டு மெழுகுவத்தியைக் கட்டி விட்ட மாதிரி எரியுது. லைட்டை மாத்திட்டுச் சேந்துக்க."

அன்றைக்குச் சந்தோஷமாகத் தூங்கினேன். அது போன வருஷம்.

முதலில் பல்பை மாற்றினார். இருட்டுகிற நேரத்தில் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். "பத்தல." அடுத்து பல்புக்குப் பின்னால் இருக்கிற கிண்ணத்தையும் முன்கண்ணாடியையும் மாற்றினார். மறுபடி ஒரு சுற்று. "பத்தல." அதற்குள் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதும் நாள் முடிந்துபோனது. "அடுத்த வருஷம் இருக்கவே இருக்கு," என்றார். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருஷம் இருக்கும். எனக்கு வயசு குறையுமா?

இந்த வருஷம் பெயர் எழுத இன்னும் பத்தே நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணனைக் கூட்டி வந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மகாராணியின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"ஒயரெல்லாம் உன் வயசுப்பா. பேட்டரியில இருந்து கிளம்புற கரண்ட் பாதி வழியிலயே படுத்துடுது. தடிமனா தனி ஒயர் இழுத்து, நடுவுல ரிலேன்னு ஒரு சின்னப் பெட்டி வச்சா பளிச்சுனு எரியும்."

வைத்தார். எரிந்தது. எப்படி எரிந்தது தெரியுமா? எதிர்வீட்டு அம்மா ஜன்னலுக்குத் திரை தைத்தாள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எங்கேயோ ஒரு சேவல் விடிந்துவிட்டது என்று கூவியது.

இவர் ஒரு சுற்று போய்விட்டு வந்தார். "பரவாயில்ல. ஆனா தெருக்கோடி மங்கலாத்தான் இருக்கு. இன்னும் பெருசாப் போடணும்."

"இன்னும் பெருசா? இந்த லைட் மட்டும் எங்கிட்ட இருந்திருந்தா ராத்திரியில கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு லாரி ஓட்டியிருப்பேன்யா!" என்றார் டிரைவர் அண்ணன்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் இருப்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஊசியில் ஒரே குத்தில் நூல் கோத்துத் தருவார். தூரத்தில்தான் சிக்கல். ஒரு நாள் வாசல் கதவில் அவருடைய மழைக்கோட்டையே காயப்போட்டிருந்தேன். கூடத்திலிருந்தபடியே எழுந்து நின்றார். "வாங்க சார், ஏன் வெளியவே நிக்கிறீங்க?" கோட்டு பதில் சொல்லவில்லை. "கோவமா இருக்கார் போல," என்று என்னிடம் ரகசியம் பேசினார்.

இத்தனைக்கும் அவருக்கு வேலை எங்கே? மூக்குக்கண்ணாடிக் கடையில். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற வேலை.

அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெயர் எழுத நாலே நாள்தான் பாக்கி. எனக்குள் கோபம் கொதித்தது. கூச்சத்தை விட்டு, சுவருக்கு மேலே எட்டி டிரைவர் அண்ணனிடம் என் திட்டத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

சனிக்கிழமை, பொழுது சாய்ந்ததும் மகாராணியை வாசலில் நிறுத்தி லைட்டைப் போடச் சொன்னேன்.

"என்னங்க, கடையிலேருந்து கொண்டு வந்து பீரோவுக்குப் பின்னாடி போட்டீங்களே, எழுத்து அட்டை... கண்ணு சோதிக்கிறது. தெருக்கோடிச் சுவத்துல தொங்க விட்டிருக்கேன். படிங்க பாப்போம்."

"எதுக்கு?"

"லைட் பத்துதா பத்தலையான்னு தெரிஞ்சுடுமே."

"பத்தாதுன்னு தான் சொல்றேனே!"

டிரைவர் அண்ணன் தொண்டையைச் செருமினார். "எனக்கு இங்கேருந்தே தெரியுது தம்பி. அப்போ கோளாறு லைட்டுல இல்ல. உன் கண்ணுல."

"என் கண்ணுலயா? அண்ணே, நான் கண்ணாடிக் கடையில பதினோரு வருஷமா இருக்கேன்!"

"அப்போ படி."

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்தார். முதல் வரி, இரண்டாம் வரி. ஒரு எழுத்தில்கூடத் தடங்கல் இல்லை. கீழே போகப் போக எழுத்து சின்னதாகுமே, அதற்குத் தகுந்த மாதிரி கண்ணை வேறு சுருக்கிக்கொண்டார். எட்டாவது வரியை முடித்துவிட்டு, "போதுமா? அட்டை அச்சடிச்ச அச்சாபீஸ் பேரும் சொல்லட்டுமா?" என்றார்.

"அப்போ லைட் நல்லாத்தான் இருக்கு?" என்றேன்.

"இருக்கு!" என்றுவிட்டார் வீராப்பில்.

நான் போய் அதை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். அது எழுத்து அட்டை இல்லை. துவைத்துக் காயப்போட்ட தலையணை உறை. வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பூகூட இல்லை.

டிரைவர் அண்ணன் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுத் திரை விலகியது. எதற்கென்று தெரியாமலே பாப்பா கை தட்டினாள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் மூடிக்கொண்டது.

அவர் லைட்டை அணைத்தார். தலையணை உறையை நாலாக மடித்து என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார். டிரைவர் அண்ணனும் சிரிப்பைப் பாதியில் விழுங்கிவிட்டு, "நான் வர்றேம்மா," என்று நழுவினார்.

நான் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கினார், குடிக்கவில்லை.

"ஒன்றரை வருஷமா இப்படித்தான் இருக்கு," என்றார். "கண்ணாடி போட வெக்கப்படாதீங்கன்னு தினம் எத்தனை பேர் கிட்ட சொல்றேன்! எனக்கு வெக்கமா இருந்துச்சு. உன்னையும் பாப்பாவையும் உக்கார வச்சுக்கிட்டு இருட்டுல ஓட்டப் பயம். லைட்டை மாத்தினா சரியாயிடும்னு நிஜமாவே நம்பினேன்மா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். நீயும் என்கிட்ட தனியாக் கேட்டிருக்கலாம்."

ஜெயித்தது நான்தான். ஆனால் அன்றைக்குச் சோறு எனக்குத்தான் இறங்கவில்லை.

திங்கட்கிழமை கடை முதலாளியம்மாவிடம் சொன்னாராம். அந்த அம்மா பெருமூச்சு விட்டாராம். "அப்பாடா! தெருவுல போற என்னைப் பாத்து, 'தம்பி நல்லா இருக்கியா'ன்னு நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

கண்ணாடி வந்தது. கறுப்புச் சட்டம் போட்டது. அழகாகத்தான் இருந்தார். கடைசி நாள் சாயங்காலம், மூணு பேரும் மகாராணியில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வழி நெடுக வாய் ஓயவில்லை அவருக்கு. "அங்க பாரு, பேங்க்! இங்க பாரு, மரத்துல இலை தனித்தனியாத் தெரியுது!" மகாராணியின் வெளிச்சத்தில் எனக்கும் எல்லாம் தெரிந்தது. என் கண்தான் கலங்கிக் கலங்கி மறைத்தது.

பெயர் எழுதுகிற டீச்சரம்மா என் இடுப்பில் இருந்த பாப்பாவைப் பார்த்தார்.

"கைக்குழந்தைக்காரிக்கு எதுக்கும்மா சாயங்கால வகுப்பு? காலையில பத்து மணிக்கு அம்மாக்களுக்குன்னே நடக்குதே. பஸ்ஸும் வாசல்லயே நிக்கும்."

"இந்த வருஷம் ஆரம்பிச்சதா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாலு வருஷமா நடக்குது. நீ வந்து விசாரிக்கவே இல்லையா?"

இல்லை. போன வருஷம் கேட் வரைக்கும் இரண்டு தடவை வந்தேன். உள்ளே போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. வெளியே வந்த ஒருவர் இன்னொருவரிடம் "ஆறு மணி வகுப்பு" என்று சொன்னது காதில் விழுந்தது, அப்படியே திரும்பிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் நன்றாகத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை என்னை நிதானமாகப் பார்த்தார்.

நன்றாகவே தெரிந்திருக்கும்.