பக்கத்து சீட்டின் எடை

"இவ்ளோ பெரிய கம்பி போட்டும் வண்டி திரும்பலையா டாக்டர்?" காருக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும் வந்தது.

"திரும்புது. என்னையும் சேர்த்துத் திருப்பி, வந்த வழியையே பாக்க வெச்சுட்டு நிக்குது" என்றார் பல் டாக்டர்.

போன மாதம்வரை பிரச்சினை வேறு. ரேஸ் டிராக்கின் கடைசி வளைவில் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகப் புல்லைப் பார்த்துப் போகும்.

"முன்சக்கரம் இழுக்கிற வண்டின்னா அப்படித்தான் டாக்டர். இழுக்கிறதும் அதுவே, திரும்புறதும் அதுவே. பின்சக்கரம் சும்மா கூட வரும். சில குடும்பம் மாதிரி" என்று அப்போது மெக்கானிக் சொல்லியிருந்தார். எந்தக் குடும்பம் என்று டாக்டர் யோசிக்கவில்லை.

வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்கப் பின்பக்கம் தடித்த கம்பி மாட்டினார்கள். இப்போது வளைவில் வண்டியின் வால் சுற்றியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

டாக்டருக்கு இது வெறும் பொழுதுபோக்காக இல்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் ஏழெட்டுச் சுற்று ஓட்டிவிட்டு, டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று அடுத்த கொட்டகையில் போய் ஒருவரோடு மல்லுக்கட்டினார். திரும்பி வந்தால், நேரம் எழுதும் பலகையில் அவர் வண்டி எண்ணுக்கு நேரே ஒரு நிமிஷம் இருபது விநாடி. எந்தச் சுற்று என்று அவருக்கே தெரியவில்லை. மனைவி சாவியை நீட்டி, "வண்டி நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த இருபதின் கிட்டேகூட அவரால் போக முடியவில்லை. விடுமுறையெல்லாம் காருக்கு அடியில் கழிந்தது.

"காருல ஒரு குறையும் இல்ல. ஓட்டுறதுலதான் இருக்கு" என்றாள் மனைவி ஒருநாள்.

"ஒன்னு இருபது போட்டவன்கிட்டயே சொல்றியா? அதை முறியடிச்சுட்டு உன்கிட்ட பேசுறேன். அதுவரைக்கும் பேச மாட்டேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள். "சரி, முறியடிச்சதும் போன் பண்ணுங்க" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள்.

வீராப்பு பேச ஒரு நிமிஷம் போதும், அதோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். வீட்டில் அவ்வப்போது பிரிட்ஜ் உறுமும், அதுதான் பேச்சுத்துணை. ஆஸ்பத்திரியில், வாயைப் பிளந்து படுத்திருக்கிறவர்களிடம் வளைவுகளைப் பற்றிச் சொல்வார். அவர்களால் மறுத்துப் பேசவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. ராத்திரியில் போனை எடுத்து அவள் பெயரைப் பார்ப்பார், வைத்துவிடுவார். அவளிடம் பேசாமல் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஆனாலும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"எடையைக் குறைச்சுப் பாப்போம் டாக்டர்" என்றார் மெக்கானிக்.

பிடுங்குவது டாக்டருக்குக் கைவந்த கலை. பின் சீட், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வெளியேறின. கடைசியாக மனைவி உட்காரும் பக்கத்து சீட். அதைத் தூக்கியபோது, கீழே கிடந்த ரப்பர் விரிப்பில் வலது கால் படுகிற இடத்தில் ஓர் ஓட்டை. ஒவ்வொரு வளைவிலும், தன் பக்கம் இல்லாத பிரேக்கை அவள் மிதித்து மிதித்துத் தேய்த்தது.

டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த விரிப்பு இருக்கட்டும். எடை ஒன்னும் பெருசா இல்ல" என்றார், மெக்கானிக் கேட்காமலே.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கும் கூட வந்தார். சீட் இல்லாததால் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி வீட்டில், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. காய்கறி லாரி ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்த ரேஸ் காரை டிராக்கில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

பஞ்சர் ஒட்டி டாக்டர் ஓட்டினார். முதல் வளைவில் வால் சுற்றியது. கடைசி வளைவில் பழைய ஞாபகத்தில் புல்லுக்கே போனது.

ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேரம் குறிக்கிறவர் வந்து ஜன்னலில் குனிந்தார்.

"ஒன்னு முப்பத்தாறு சார். பக்கத்து சீட் எங்க?"

"எடை அதிகம்னு கழட்டிட்டேன்."

"மேடம் வரலையா?"

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "அந்த ஒன்னு இருபதை முறியடிச்சாத்தான் அவகிட்ட பேச முடியும். நானே போட்ட நேரம், என்னாலயே முடியல."

நேரம் குறிக்கிறவர் அவரையும், சீட் இருந்த காலி இடத்தையும், ஓட்டை விழுந்த விரிப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க காத்துக்குச் சண்டை போடப் போயிருந்தப்ப மேடம்தான் சார் ஒரே ஒரு சுத்து ஓட்டினாங்க. 'அவர் ஓட்டுனதாவே இருக்கட்டும், சந்தோஷப்படுவாரு'ன்னாங்க."