சுவருக்கு ஒரு கவாத்து

உலகத்தில் எதைப் பார்த்தாலும் ‘இதைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் தேவலையே’ என்று கை பரபரக்கிற மனிதர் இதுவரை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் சுருளிப்பட்டியில் எனக்கு எதிர்வீட்டுக்காரராக வாய்த்தார்.

திராட்சை விவசாயி. அந்தப் பக்கத்தில் பந்தலில் படர்ந்த கொடியைக் காய்ப்பு முடிந்ததும் ஈவிரக்கமில்லாமல் வெட்டி மொட்டையாக்குவார்கள். அதற்குக் கவாத்து என்று பெயர். வெட்டிய இடத்தில்தான் புதுத் துளிர் வந்து அடுத்த காய்ப்பு பிடிக்கும். மற்ற விவசாயிகள் கவாத்தைத் தோட்டத்தோடு விட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். இவர் கத்திரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே வந்துவிடுவார். தெருமுனை வேப்பமரம், பக்கத்து வீட்டு மல்லிகை, டீக்கடை வாசலில் தொங்கும் கீற்று எதுவும் தப்பியதில்லை. ஊரே அவரைக் ‘கவாத்து’ என்றுதான் சொல்லும். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

பக்கத்து ஊரான கம்பத்துக்கு வேலை மாற்றலாகி வந்து நான் குடிபுகுந்த அன்றே வந்து நின்றார். பால் காய்ச்சுவதைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இடது பக்கம் ரெண்டு முடி கொடி ஓடுது. விட்டா காதைச் சுத்திரும்.”

கை சட்டைப்பைக்குப் போனது. நான் மரியாதையாக மறுத்து, மறுநாளே சலூனுக்குப் போய் நானாக வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேச்சையும் விடமாட்டார். “நேத்து கம்பத்துல பஸ் ஏறினேனா, ஒரே கூட்டம், பக்கத்துல ஒரு பெரியவர்...” என்று ஆரம்பிப்பேன்.

“கொடியை விடுங்க சார். தண்டைச் சொல்லுங்க.”

“பர்ஸைத் தொலைச்சிட்டேன்.”

“அம்புட்டுத்தேன். இதுக்கு எதுக்குப் பெரியவரு?”

கோயில் திருவிழாவில் சிறப்புரையாற்ற வந்தவர் ‘இறுதியாக ஒன்று’ என்று மூன்றாவது முறை சொன்னபோது, கவாத்து எழுந்து போய் மைக் வயரை உருவிவிட்டார். அடிக்க வந்த விழாக் குழுவிடம் அமைதியாகச் சொன்னார்: “நல்லாத்தேன் பேசுனாக. நுனிதேன் ரொம்ப நீண்டு போச்சு.”

இப்படிப்பட்டவர் வெட்டி, துளிர்க்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். அவருடைய தம்பி.

கிணற்று மோட்டாரை அன்றைக்கு யார் போடுவது என்று தொடங்கிய பேச்சாம். நாலு வார்த்தை நீண்டதும் இவர் வழக்கம்போல நறுக்கென்று “இனி நீ வேற, நான் வேற” என்று சொல்லியிருக்கிறார். தோட்டம் பிரிந்தது. வீடு பிரிந்தது. ஒரே முகப்பில் இரண்டு வாசல் வைத்து, நடுவே கூரையிலிருந்து தரைவரை கயிறு பிடித்துக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணன் பிஸ்தா பச்சை அடித்தார். அந்தப் பக்கம் சின்னவர் ரோஸ் அடித்தார். சின்னவர் என்பதுதான் தம்பிக்கு ஊர் வைத்த பெயர். திராட்சையைக் கேரளாவுக்கு லோடு அனுப்பும் வியாபாரி. அனுப்பி அனுப்பி, கோபம் வந்தால் மலையாளம் வந்துவிடும்.

இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஆனால் பேசாமலும் இருக்க முடியவில்லை. அதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் எந்தப் பக்கத்துக்கும் சொந்தக்காரனாக இல்லாதவன் நான் ஒருவன்தான்.

“சார், அந்த வீட்டுல சொல்லுங்க, மாட்டை இங்கன கட்டக் கூடாதுன்னு” என்பார் கவாத்து. சின்னவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருப்பார். நான் திரும்பி, “மாட்டை இங்க கட்டக் கூடாதாம்” என்பேன்.

“அப்ப அவுக வண்டியை அங்கன நிப்பாட்ட வேணாம்னு சொல்லுங்க சார்.”

“வண்டியை அங்க நிறுத்த வேணாமாம்.”

மூன்று பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கிறவரை கவாத்து காத்திருப்பார். என் பேச்சை அவர் பாதியில் வெட்டாத ஒரே நேரம் அதுதான். அந்தப் பெருமையில் நானும் கொஞ்சம் கொடி ஓட விடுவேன்.

அப்போதுதான் கவாத்தின் மகள் பாண்டிச்செல்விக்குக் கடமலைக்குண்டில் மாப்பிள்ளை அமைந்தது. ஆவணியில் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் பங்காளி கை படாமல் முகூர்த்தக்கால் ஊன்ற மாட்டார்கள். பெண்ணுக்குச் சித்தப்பா என்று இருப்பதோ ஒரே ஒருவர். அவரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

“சித்தப்பன் கை வைக்காம காலு ஊண்டுனா கடமலைக்குண்டுக்காரக என்ன நெனப்பாக?” கவாத்தின் மனைவி தவமணி அக்கா என்னிடம் புலம்பினார். “புள்ள சோறு எறங்காமக் கெடக்கு தம்பி. இவுக வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கூப்புட்டா என்ன?”

கவாத்து வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஆள் சுவரைச் சுரண்டிப் பார்த்த இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்து, உள்ளே கருங்கல் தெரிந்திருந்தது. கவாத்து அதைக் கொடியில் மொட்டு கண்டதுபோல உற்றுப் பார்த்தார்.

“சார், எங்கப்பன் கொத்துன கல்லு போட்டுக் கட்டுன வீடு. நான் மறந்தே போனேன். இம்புட்டையும் உரிச்சுப்புடணும்.”

“கல்யாண வீட்டுக்கு எல்லாரும் பெயிண்ட் அடிப்பாங்க. நீங்க...”

“நான் கவாத்து பண்ணுறேன்.”

அந்தச் சுவரில் பெயிண்ட் ஒரு பூச்சா, இரண்டு பூச்சா? காதுகுத்துக்கு ஒரு நிறம், சடங்குக்கு ஒரு நிறம், எந்தத் தேர்தலிலோ யாரோ வரைந்துவிட்டுப் போன சின்னத்தை மறைக்க ஒரு நிறம் என்று அடை தட்டியிருந்தது. கவாத்து முதலில் அருவாளால் சுரண்டினார். அருவாள் மழுங்கியது. பித்தளைப் பானைக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்த்தார். சுவர் பளபளவென்று சுத்தமான பச்சையாக மின்னியது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றியதில் கல் தெரிந்த இடமெல்லாம் துருக்கறை ஏறியது. ஆடி பாதி போய்விட்டது. வீடு தேமல் பிடித்ததுபோல நின்றது. சம்பந்தி வீட்டார் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ‘வீடு ஏதும் கேஸில் இருக்கிறதா’ என்று கல்யாணத் தரகரிடம் விசாரித்தார்களாம்.

இதில் இன்னொரு கூத்து. இரண்டு வாசலுக்கும் நடுவே, மேலே, ஆளைவிட நீளமாக ஒரே கல். கோடு சரியாக அதன் வயிற்றில் போனது. கவாத்து அதில் தன் பாதியை மட்டும் ஆணி முனையால் சுரண்டி, கோடு வந்ததும் கையை எடுத்துவிட்டார். பாதிக் கல் கல்லாகவும் பாதிக் கல் ரோஸாகவும் இருந்தது. சாரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவரிடம் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கு அவர் என்னிடம் பேசியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“வெட்டுனா துளிரு வரும்னுதேன் சார் நெனச்சேன். எல்லாத்துக்கும் வந்துச்சு. இதுக்கு வரல.”

கல்லைப் பற்றித்தான் சொல்கிறார் என்பதுபோல நான் தலையாட்டினேன்.

கடைசியில் தேனி கடைவீதியில் ஒரு பெயிண்ட் கடைக்காரர் பெயிண்டை உருக்கி எடுக்கும் மருந்து கொடுத்தார். பிரஷ்ஷால் தடவி, சற்று நேரம் விட்டு, கொப்பளித்ததும் வழித்தெடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கவாத்து அதில் பாதியைக் கேட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார்.

“தோட்டம் பூரா மருந்தடிக்கிறவன் பிரஷ்ஷை வச்சுத் தடவிக்கிட்டு இருப்பேனா?”

திராட்சைக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரை முதுகில் மாட்டினார். மருந்தில் தின்னரைக் கலந்து நீர்க்க வைத்து ஊற்றினார். மழைக்கோட்டு, ஹெல்மெட், கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. தோட்டத்தில் என்றால் விரலை எச்சில்படுத்திக் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அவர் விசையைத் தொடவே மாட்டார். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து பட்டால் வெட்டுக்குத்து ஆகிவிடும். சுவருக்கு என்ன காற்று என்று நினைத்துவிட்டார். கூடலூர்ப் பக்கத்து மலை இடுக்கு வழியாக வரும் ஆடிக்காற்றுக்குச் சுவரும் ஒன்றுதான், பந்தலும் ஒன்றுதான்.

விசையை அழுத்தினார். அடித்ததில் முக்கால்வாசி கோட்டைத் தாண்டிப் போனது. அதற்குள் மருந்து ஸ்பிரேயரின் ரப்பரைத் தின்றுவிட்டதால் குழாய் தொப்பென்று கழன்று விழுந்தது. ஆனால் போன மருந்து போனதுதான். சின்னவர் அண்ணன் மகள் கல்யாணத்துக்காகவோ, அண்ணனுக்குக் காட்டுவதற்காகவோ, போன வாரம்தான் புதிதாக அடித்திருந்த ரோஸ் சுவர், எங்கள் கண் முன்னாலேயே குமிழ் குமிழாகக் கொப்பளித்தது. நல்ல காய்ப்பு.

சத்தம் கேட்டுச் சின்னவர் வெளியே வந்தார்.

“அய்யோ! எந்தா இது?”

தவமணி அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நிலைப்படியில் நின்ற பாண்டிச்செல்வி அழுதுவிட்டாள். முகூர்த்தக்கால் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

“சார், அவுககிட்டக் கேளுங்க சார்! வேணும்னே பண்ணுனாகளான்னு கேளுங்க!”

நான் திரும்பினேன். கவாத்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“தப்பு என் மேலதேன்னு சொல்லுங்க சார்.”

அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தையை அந்த ஊர் கேட்டதில்லை. சின்னவர் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். சொன்னேன். அவர் பதிலுக்கு ஏதோ கத்த வாயைத் திறந்து, கத்தாமல், சுவர்ப் பக்கம் திரும்பி ஒரு குமிழை நகத்தால் நெம்பினார். ரோஸ் ஒரு பாளமாகக் கழன்று வந்தது. அதன் கீழே நல்ல நீலம்.

“இது எப்ப அடிச்சது?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“ஒங்க கல்யாணத்துக்குத்தேன் கொழுந்தனாரே,” என்றார் தவமணி அக்கா. “இவுகதேன் சாரத்துல நின்னு அடிச்சாக. விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டு, மாவுக்கட்டோடதேன் பந்தியில பரிமாறுனாக. மறந்துட்டீகளா?”

சின்னவர் இன்னொரு பாளத்தை உரித்தார். பிறகு இன்னொன்று. அண்ணனுக்கு வெட்டுவதில் பித்து என்றால் தம்பிக்கு உரிப்பதில் பித்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீலத்துக்குக் கீழே இருந்ததையும் உரித்தார். விளக்கு வைக்கிறவரை உரித்தார். மறுநாள் காலையில் பார்த்தால், கையில் உறையும் பிரஷ்ஷுமாக அந்தப் பக்கத்துச் சாரத்தில் ஏறி நிற்கிறார். கடைக்காரர் சொன்னதை யாரோ முழுசாகக் கேட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள்.

அந்த முனையிலிருந்து அவர், இந்த முனையிலிருந்து இவர். பேச்சு மட்டும் என் வழியாகத்தான்.

“சார், கம்பி பிரஷ்ஷை எடுக்க வேணாம்னு சொல்லுங்க, துருப்பிடிக்கும்” என்பார் சின்னவர்.

“எனக்குத் தெரியும்னு சொல்லுங்க சார்.”

“தெரிஞ்சா ஏன் போட்டாகன்னு கேளுங்க சார்.”

ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நான் இரண்டு சாரங்களுக்கும் நடுவே நின்றேன். ஆவணி பிறப்பதற்குள் முகப்பு முழுக்கக் கல்லாகிவிட்டது, நடுக்கல்லில் ஒரு கையளவு ரோஸ் தவிர. கோட்டுக்கு அந்தப் பக்கம் என்பதால் அண்ணன் தொடவில்லை. அண்ணன் தொடாததால் தம்பியும் தொடவில்லை. முகூர்த்தக்காலுக்கு அண்ணன் வந்து கூப்பிடவும் இல்லை, தம்பி வருகிறேன் என்று சொல்லவும் இல்லை.

முகூர்த்தக்கால் அன்று காலை போய்ப் பார்த்தால், கவாத்து யாரிடமும் கேட்காமல் குழியைத் தோண்டி முடித்திருந்தார். தன் வாசலுக்கு முன்னால் தோண்டவில்லை. அந்த நீளக் கல்லுக்கு நேர் கீழே, கோட்டின் மேலேயே தோண்டியிருந்தார். அந்த மனிதருக்குக் கூப்பிடத் தெரிந்த விதம் அதுதான்.

சின்னவர் புது வேட்டி கட்டிக்கொண்டு தன் வாசலில் வந்து நின்றார். குழியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். மஞ்சள் பூசி, மாவிலை கட்டிய கம்பைக் கவாத்து தூக்கி நிறுத்தினார். நல்ல கனம். அடி குழிக்குள் இறங்காமல் கம்பு சாயத் தொடங்கியது.

“சார், அவனைப் பிடிக்கச்...”

நான் முறைப்படி சின்னவர் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டேன். கம்பு அதற்கெல்லாம் நிற்குமா?

“ஏலே, பிடிடா!”

“பிடிச்சிட்டேண்ணே!”

அவ்வளவுதான். கொடி ஒன்றும் இல்லை, வெறும் தண்டு. கம்பு நேராக நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். பாண்டிச்செல்வி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் மட்டும் திறந்த வாயோடு நடுவில் நின்றேன். கவாத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் நாள் என் மீசையைப் பார்த்த அதே பார்வை.

“சார், நீங்க போயி உக்காந்து காப்பி குடிங்க. இனி தேவையில்ல.”

கம்பு ஊன்றிய மண்ணைக்கூட மிதித்து முடிக்காமல் அண்ணனும் தம்பியும் ஒரே சாரத்தில் ஏறிவிட்டார்கள், அந்தக் கையளவு ரோஸைச் சுரண்ட. “ஆத்தா, புது வேட்டியோட ஏறுறாகளே!” என்று தவமணி அக்கா கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார். மேலே இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி வெட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் காப்பி ஆறிப்போனது. ஒரு நல்ல உத்தியோகம் போய்விட்டதில் எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம், பதவி உயர்வு வந்தபோதுகூட இருந்ததில்லை.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். மீசையின் இடது பக்கத்தில் எப்போதாவது இரண்டு முடி கொடி ஓடும். கண்ணாடியில் பார்ப்பேன். எதிரே ஒரு மனிதர் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோவதுபோல இருக்கும். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று நான் அதை வெட்டாமல் விட்டுவிடுகிறேன்.