ரோட்டுக்குப் போன வீட்டுப் பத்திரம்

அன்பும் அதைவிடப் பொறுமையும் உள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம். உங்கள் அத்தை மூன்று நாளாக என்னோடு பேசவில்லை என்பதால் எனக்குச் சுகம் கொஞ்சம் கூடுதல்.

மாடி கட்ட அனுமதி வாங்க வீட்டுப் பத்திரத்தின் அசலைக் கேட்டிருந்தீர்கள். கிடைத்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வேறு பிரஷர் இருக்கிறது. நடந்தது என்னன்னா, நம்ம தெருவுக்குப் பழைய பிளாஸ்டிக்கைக் கலந்து தார் ரோடு போடுறோம், வீட்டுல கிடக்கிற கவரெல்லாம் குடுங்கன்னு நகராட்சியில இருந்து வந்து கேட்டாங்க. நானும் பெரிய மனுஷனாட்டம், உங்க அத்தை மெத்தைக்கடியில இருபது வருஷமா சேத்து வச்ச கவரையெல்லாம் மூட்டை கட்டிக் குடுத்துட்டேன். மறுநாள் உங்க கடிதம் வந்துது. அவ மெத்தையைத் தூக்கிப் பாத்தா.

"ஏங்க, இங்க இருந்த கவரு எங்க?"

"ரோட்டுக்குக் குடுத்துட்டேன்."

"அதுக்குள்ளதான் பத்திரம் இருந்துச்சு. எல்லாரும் ரோட்டோரமா வீடு கட்டுவாங்க. வீட்டையே ரோடாப் போட்ட ஆளு நீங்கதான்."

அதுதான் கடைசியாப் பேசினது. நான் ஓட்டமும் நடையுமா பிளாஸ்டிக் அரைக்கிற கொட்டகைக்குப் போனா, எதிர்வீட்டுக் கண்டக்டரும் அங்க வேர்த்து விறுவிறுத்து நிக்கிறார். அவர் வீட்டுலயும் இதே கதை. மெஷின்கார அம்மா சிரிக்குது.

"ஏன் தாத்தா இப்படி நடுங்குறீங்க? ஒவ்வொரு கவரையும் உதறாம மெஷின்ல போடவே மாட்டேன். சூடான ஜல்லி மேல பிளாஸ்டிக் உருகிப் பூசிக்கும், அதுக்கு மேலதான் தாரு. நடுவுல பேப்பர் போனா கருகிப்போய் தாரு ஒட்டாது."

"எங்க வீட்டைக் காப்பாத்திட்டியேம்மா."

"நான் ரோட்டைத்தான் காப்பாத்தினேன். அந்தப் பெட்டியில இருக்கு, எடுத்துக்குங்க."

கரண்டு பில்லு, கல்யாணப் பத்திரிகை, யாரோ ஃபெயிலான மார்க் ஷீட்டு, எல்லாத்துக்கும் அடியில முத்திரைத்தாள்ல ரெண்டு பத்திரம். ஆளுக்கொண்ணு எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டோம். போன உசிரு வந்துது. நேத்து கொட்டின மழையில புது ரோட்டுல ஒரு பொட்டுத் தண்ணி நிக்கலை.

மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி. உங்களுக்கு ஆசியோடு பத்திரமும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடி போட்டுப் படிச்சேன். இது கண்டக்டர் வீட்டுப் பத்திரம். நம்மளுது அவர்கிட்ட. அவரும் மாடி கட்டணும்னு அதைத் தூக்கிட்டுக் காலையிலேயே நகராட்சி ஆபீசுக்குப் போயிட்டார். அங்கயும் யாரும் படிச்சுப் பாக்கலைன்னா நம்ம மாடிக்குச் சாயங்காலமே அனுமதி வந்துடும். அதனால அவரை இன்னும் தேடிப் போகலை.