பவுடர் மாமா நடத்திய கூடைக் கல்யாணம்

ரோஷன், மதுஷா, ரெண்டு பேருக்கும் சொல்கிறேன். பவுடர் மாமா ரோட்டில் போகும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்காதீர்கள். அவரைப் பார்த்துச் சிரிக்க இந்த வீட்டில் உரிமை உள்ளவன் உங்கள் அப்பா நான் ஒருத்தன்தான். அதையும் இங்கே எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

நோர்வூட் தொடங்கி பொகவந்தலாவை வரைக்கும் கல்யாணம் கட்டின அத்தனை பேருக்கும் ஒரே முகத்தைக் கொடுத்த மனுஷன் அவர். நம்புங்கள். எந்தத் தோட்டத்து லயன் வீட்டுக்குள் நுழைந்து எந்தக் கல்யாண ஆல்பத்தைத் திறந்தாலும் அதே வெள்ளை மூஞ்சிதான். அவருடைய போட்டோ ஸ்டூடியோவுக்குள் காலை வைத்ததும் முதலில் பவுடர் டப்பா வரும். முகத்தில் ஒரு பூச்சு, கழுத்தில் ஒரு பூச்சு. படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் மூன்றாவது பூச்சு. சொந்தப் பெயர் என்னவென்று அவருடைய சம்சாரத்துக்காவது ஞாபகம் இருக்குமோ என்னவோ, ஊருக்கு அவர் பவுடர் மாமாதான்.

என் அடையாள அட்டைப் படமும் அவர் கைவண்ணம்தான். ஹட்டனில் ஒரு தடவை பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். இது உன் தம்பியா என்று சிங்களத்தில் கேட்டார். தோட்டத்து மேல் டிவிஷனில் ஒரு பெரியவர் தவறியபோது, ஆயுசுக்கும் பனியனோடு திரிந்த அவருக்குப் படத்தில் கோட்டும் டையும் மாட்டி, கன்னத்தில் ரோஸ் கலரும் ஏற்றிவிட்டார் நம் மாமா. கும்பிட வந்தவர்கள் வீடு மாறி வந்துவிட்டோமென்று திரும்பிப் போனார்கள்.

இப்படிப்பட்டவர் கையில்தான் உங்கள் அக்காவின் படிப்பு போய் மாட்டியது.

ஏ.எல். பரீட்சை முடித்த அக்கா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கைத்தொழில் வடிவமைப்புப் படிக்கப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கிறேன் என்றாள். நான் அதற்குக் கீழே ஓ.எல். வரைக்கும்தான் போனவன். அப்படியென்றால் என்னம்மா என்று கேட்டேன். உட்காருகிற கதிரை, தண்ணி கொதிக்கிற கேத்தல், கூடை, இதெல்லாம் பாவிக்கிற ஆளுக்குத் தோதாக எப்படி இருக்க வேண்டுமென்று யோசிக்கிற படிப்பாம். நான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில் இதைப் பெருமையாகச் சொன்னேன். முதலாளி யோசித்துவிட்டு, "கதிரைதான் ஏற்கெனவே இருக்கே?" என்றார்.

அக்கா செய்தது தேயிலை பறிக்கிற கொழுந்துக் கூடை. கயிறு தலையை இழுக்காமல், பாரம் தோளிலும் இடுப்பிலும் இறங்குகிற மாதிரி பட்டி வைத்துத் தைத்திருந்தாள். அதைப் படம் எடுத்து விண்ணப்பத்தோடு இன்டர்நெட்டில் ஏற்ற வேண்டும். நம் வீட்டு போன் கெமரா, ரோஷன், உன் கையிலிருந்து குளிக்கிற பீலித் தண்ணிக்குள் விழுந்த நாளிலிருந்து எதைப் பார்த்தாலும் மூடுபனியாகத்தான் காட்டும். அதனால் மாமாவிடம் போனோம்.

"வெறும் சுவத்துக்கு முன்னால வச்சு எடுங்க மாமா. ஒன்னும் சேக்க வேணாம்" என்றாள் அக்கா.

"வெறும் சுவரா? எழவு வீட்டுக்கே நான் சீனரி போட்டுக் குடுக்கிறவன் தாயி."

முதலில் கூடைக்குச் சந்தனம், குங்குமம். புதுச்சாமான் பொட்டில்லாமல் கெமராவுக்கு முன்னால் நிற்கக் கூடாதாம். பிறகு கூடையை மாட்டிக் காட்ட வந்த உங்கள் அம்மாவிடம் ஸ்டூடியோப் பட்டுச்சேலையை நீட்டினார்.

"கொழுந்துக்குப் போறவ பட்டுக் கட்டிக்கிட்டா போவா அண்ணே?"

"போட்டோவுக்குப் போறவ கட்டுவா."

அம்மா கட்டவில்லை. ஆனால் பவுடருக்குத் தப்பவில்லை.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளன்று காலையில் மாமா தருவதாகச் சொன்ன படங்கள் கைக்கு வந்தன. கல்யாண ஆல்பம். அட்டையில் தங்க எழுத்தில் அக்கா பெயரும் சேர்த்து 'தர்ஷினி – கூடை', நடுவில் ஒரு இதயம். உள்ளே ஏரிக்கரையில் இரண்டு அன்னங்களுக்கு நடுவே கூடை. ரோஜாப்பூ வளையத்துக்குள் கூடை. கடைசிப் பக்கத்தில் உங்கள் அம்மா கூடையோடு மேகத்தில் பறக்கிறாள், முகம் சுண்ணாம்பு மாதிரி.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அக்காவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பட்டியும் தையலும் ஒரு படத்திலும் தெரியவில்லை. அசல் படங்கள் எங்கே என்றால், அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்று அழித்துவிட்டாராம்.

அக்கா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அம்மாவின் படத்தில் விரலை வைத்தாள். நெற்றிக்கு மேலே கூடைக்கயிறு அழுத்தி அழுத்தி முடி தேய்ந்த பள்ளம் ஒன்று அம்மாவுக்கு உண்டே, அதையும் மாமா நிரவி அழகாக முடி நட்டிருந்தார்.

"இந்தப் பள்ளம் இல்லாட்டி இந்தக் கூடையே தேவையில்ல மாமா" என்றாள்.

மாமா ஆல்பத்தை வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குக் கோயிலில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் போன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மனுஷன் போனை அணைத்துப் பையில் போட்டார். ஆட்டோவைப் பிடித்து எங்களையும் ஏற்றிக்கொண்டு நேராகத் தேயிலை மலைக்கு விட்டார்.

அம்மா கொழுந்து நிறுக்கப் புதுக்கூடையோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. பழக்கத்தில் மாமாவின் கை சட்டைப்பைக்குள் போய்ப் பவுடர் டப்பாவை எடுத்தது. அக்காவைப் பார்த்தார். டப்பா திரும்பவும் பைக்குள் போனது.

"அப்படியே நில்லுங்க தங்கச்சி" என்றார். "சீனரி பின்னால தன்னால இருக்கு."

சேற்றில் முழங்கால் போட்டு எடுத்தார், புல்லில் படுத்து எடுத்தார். பள்ளத்தை எடுத்தார், பட்டியை எடுத்தார். காலில் அட்டைப்பூச்சி ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை. படங்களை அவர் ஸ்டூடியோ கம்ப்யூட்டரிலேயே ஏற்றி, விண்ணப்பம் போன பிறகுதான் கோயிலுக்கு ஓடினார். அங்கே தாலி கட்டி முடிந்திருந்தது. இரத்தம் வடியும் காலோடு நின்று, மாப்பிள்ளையை இன்னொரு தரம் தாலியைக் கட்டுகிற மாதிரி பிடிக்கச் சொன்னாராம். பெண்ணின் அண்ணன்மார் அவரைக் கோயில் வாசலில் வைத்துக் கேட்ட கேள்விகளை நான் எழுத மாட்டேன், நீங்கள் சின்னப் பிள்ளைகள்.

அக்காவுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். நேர்முகத் தேர்வில் அந்தப் பள்ளத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். நீங்கள் அறியாதது ஒன்று. போகும்போது அவள் பெட்டியில் வைத்துக்கொண்டது அன்னமும் ரோஜாவும் உள்ள அந்த ஆல்பத்தைத்தான்.

போன கிழமை, "அப்பா, அந்த ஆல்பத்துல வைக்க உங்க படம் ஒன்னு அனுப்புங்க" என்று கேட்டிருந்தாள். வேலை விட்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். மாமா டீ குடிக்கப் போயிருந்தார், உள்ளே யாரும் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் அந்த டப்பா இருந்தது. மூடியைத் திறந்தேன். முகத்தில் ஒரு பூச்சு, கழுத்தில் ஒரு பூச்சு, நானே போட்டுக்கொண்டேன். பிறகு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் வரும்வரை காத்திருந்தேன்.