பிழையே இல்லாத இதழின் முதல் திருத்தம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த ஆய்விதழைத் தொடங்கியதுதான். தொடங்கிய நாளிலிருந்து அதில் ஒரு திருத்தம் வந்ததில்லை. ஒரு கட்டுரைகூடத் திரும்பப் பெறப்பட்டதில்லை. மற்ற இதழ்களெல்லாம் 'சென்ற இதழில் அட்டவணை தவறிவிட்டது, வருந்துகிறோம்' என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, இது மட்டும் தலைநிமிர்ந்து நின்றது. ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அலுவலகத்தில், கதவுக்கு நேரெதிரே, 'பிழையின்மையே எம் பெருமை' என்று ஃப்ளெக்ஸ் தொங்கியது. யாராவது படித்தால்தானே பிழை தெரியும் என்று சில வயிற்றெரிச்சல்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் பேச்சு நமக்கெதற்கு?

இப்பேர்ப்பட்ட இதழுக்குக் களங்கம் உண்டாக்க வந்து வாய்த்தாள் ஓர் ஆய்வு மாணவி. தன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். முதல் ஆட்களிடம் இந்தக் கோளாறு உண்டு: புத்தகத்தில் போட்டிருப்பதை நிஜமென்று எடுத்துக்கொள்வார்கள். 'ஆய்வில் நேர்மை' என்ற பாடத்தை எல்லோரும் மனப்பாடம் செய்து, தேர்வில் கக்கிவிட்டு, நிம்மதியாக இருந்தார்கள். இவள் மட்டும் நம்பித் தொலைத்தாள்.

அவள் கட்டுரை தக்காளியைப் பற்றியது. ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்துப் பூசினால் தக்காளி மூன்று மடங்கு நாள் கெடாது என்பது அதன் மகத்தான முடிவு. ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஃப்ரிட்ஜ்கள். இடப்பக்கம் பொடி பூசிய தக்காளி, வலப்பக்கம் பூசாத தக்காளி. பூசாதது சீக்கிரமே அழுகி ஒழுகியது. பூசியது மேக்கப் போட்டது மாதிரி மினுமினுத்தது. கட்டுரையின் தலையில் நான்கு பெயர்கள். முதலில் துறைத் தலைவர். அடுத்து கல்லூரி முதல்வர். கட்டடம் அவர் பொறுப்பில் இருந்தது. மூன்றாவது தலைவரின் மச்சான். பொடி அவர் கம்பெனி சரக்கு. கடைசியில், தக்காளி வாங்குவது, கழுவுவது, பூசுவது, எடை போடுவது, எழுதுவது போன்ற சில்லறை வேலைகளைச் செய்த அவள்.

ஒரு கட்டுரையாவது அச்சில் வந்தால்தான் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க முடியும் என்பது விதி. அச்சில் வந்தது. லாண்டரியில் இஸ்திரி போடும் அவள் அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உன் பேரு போட்டிருக்கா?"

"கடைசில போட்டிருக்கும்மா."

"கடைசியோ முதலோ, இருக்குல்ல. அது போதும்."

கட்டுரை வந்த பிறகும் சோதனை தொடர்ந்தது. வழக்கமாக அவள் விடிகாலையில் வந்து தக்காளியைப் பார்த்துவிட்டு, தலைவருக்குப் பதில் வகுப்பெடுக்கப் போய்விடுவாள். ஒரு நாள் வகுப்பு ரத்து. ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தலைவர் கையில் கெட்டிலோடு வந்தார். வலப்பக்க ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். கெட்டிலைச் சொருகினார்.

"சார், என்ன பண்றீங்க?"

"டீ போடறேன்மா. உனக்கும் வேணுமா?"

"ஃப்ரிட்ஜைப் பிடுங்கிட்டீங்களே."

"இந்த ரூம்ல இருக்கறதே ரெண்டு பாயிண்ட். சாயங்காலம் போறப்ப மறக்காம சொருகிட்டுப் போயிடுவேன். அதுல நான் கரெக்ட்."

"தினமுமா சார்?"

"பின்ன, டீ தினமும் வேணாமா?"

"இடப்பக்கத்தைப் பிடுங்கினதே இல்லையா?"

தலைவர் பதறிப் போனார். "அதுல என் லஞ்ச் பாக்ஸ் இருக்கும்மா. கெட்டுப் போயிடாது?"

பொடி ஒரு மண்ணும் செய்யவில்லை என்பது அந்த நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. தக்காளியைக் காப்பாற்றியது தலைவரின் சாப்பாடு. அழுகவைத்தது அவருடைய டீ. ஆனால் மச்சான் அதற்குள் பொடிப் பாக்கெட் மேல் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று அச்சடித்து, மார்க்கெட்டில் கடை கடையாகப் போட ஆரம்பித்திருந்தார்.

அவள் ஜெராக்ஸ் கடை மாடி ஏறினாள். இதழாசிரியர் மின்விசிறிக்கு அடியில், பறக்கும் தாள்களை இரண்டு முழங்கையாலும் அமுக்கியபடி வீற்றிருந்தார்.

"என் கட்டுரை தப்பு சார். திரும்ப எடுக்கணும்."

அவர் நாற்காலியை எட்ட நகர்த்திக்கொண்டார். "சத்தமா பேசாதம்மா. கீழ கடைக்காரருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும் சார். முடிவே பொய்."

"முடிவு பொய்யா இருந்தா என்ன? பக்க எண்ணெல்லாம் சரியா இருக்கே. வேணும்னா, முடிவுல சந்தேகம் இருக்குன்னு ஒரு 'கவலைக் குறிப்பு' போடலாம்."

"யாருக்கு சார் கவலை?"

"எனக்குத்தான். நீ படியேறினதுலேர்ந்து."

கடைசியில் விசாரணைக் குழு அமைக்க ஒப்புக்கொண்டார். கட்டுரையை நன்கு அறிந்தவர்களே குழுவில் இருக்க வேண்டும் என்பது இதழின் உயர்ந்த நெறி. எனவே தலைவர், முதல்வர், மச்சான் ஆகிய மூவர் நியமிக்கப்பட்டனர்.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னாள். "தப்புன்னு நான்தாம்மா போய்ச் சொன்னேன்."

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"திரும்ப எடுத்துட்டா உன் படிப்பு?"

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"போடி பைத்தியக்காரி," என்றாள் அம்மா. ஆனால் போனை வைக்கவில்லை.

குழு ஆய்வுக்கூடத்திலேயே கூடியது. வந்தவர்கள் களைத்திருந்தார்கள். ஆகவே முதல் நடவடிக்கையாக வலப்பக்க ஃப்ரிட்ஜின் பிளக் பிடுங்கப்பட்டு, டீ போடப்பட்டது. பிளக் பிடுங்கப்பட்டதா என்ற விசாரணை அதன் பின் முறைப்படி தொடங்கியது.

"பிடுங்கினதை யாராவது பார்த்தாங்களா?" என்றார் முதல்வர், டீயை ஊதிக்கொண்டே.

"இப்ப நீங்களே பார்த்தீங்களே சார்."

"நான் குழு உறுப்பினர்மா. சாட்சி ஆக முடியாது."

"ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிப் போட்டா, ரெண்டு ஃப்ரிட்ஜையும் ஓடவிட்டு மறுபடி செஞ்சு பார்த்துடலாம் சார்."

"அதுக்கு மூணு கொட்டேஷன் வாங்கணும். தக்காளி தாங்காது."

மச்சான் பிஸ்கட்டை டீயில் முக்கினார். "தங்கச்சிக்கு என்ன பிரச்சன? பொடி நல்லா போயிட்டிருக்கு."

"பொடி வேலை செய்யலங்க."

"விக்குதும்மா. வேற என்ன வேலை செய்யணும்?"

முதல்வர் தொண்டையைச் செருமினார். அவர் சட்ட நுணுக்கம் தெரிந்தவர். "இங்க பாரும்மா. கட்டுரை ஆசிரியர்னா முடிவுக்குப் பொறுப்பேத்துக்கணும். நாங்க மூணு பேரும் ஏத்துக்கறோம். நீ?"

"பொய்க்கு எப்படி சார் பொறுப்பேத்துக்கறது?"

"அப்ப நீ ஆசிரியரே இல்ல. ஆசிரியர் இல்லாத ஆளோட பேரு கட்டுரைல இருக்கு." முதல்வரின் முகம் பிரகாசமானது. "அடடே. தப்பு கிடைச்சிருச்சு."

மூவரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். மச்சானுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தலைவர் கெட்டிலைக் கழற்றி, ஃப்ரிட்ஜைச் சொருகினார். 'குழு புறப்படும்போது ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது' என்று குறிப்பில் பதிவானது.

அடுத்த இதழில், கட்டம் கட்டி, அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பு வெளிவந்தது:

'திருத்தம்: எமது இதழில் வெளியான தக்காளிக் கட்டுரையில் நான்காவது ஆசிரியரின் பெயர் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. அப்பெயர் நீக்கப்படுகிறது. கட்டுரையின் முடிவுகளில் மாற்றமில்லை.'

அவள் அதை ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று படித்தாள். முதலில் காது சுட்டது. கடைக்காரர் சட்டையைப் பிடித்துக்கூடக் கேட்டிருப்பாள், அவர் என்ன பாவம் செய்தார். இரண்டாவது தடவை படித்தபோது வாய் கோணியது. மூன்றாவது தடவை சிரிப்பு வந்துவிட்டது. படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். "என் பேரை எடுத்துட்டாங்கம்மா."

"ஐயோ. மத்தவங்க பேரு?"

"அப்படியே இருக்கு. பிளக்கைப் பிடுங்கினவர், தலையாட்டினவர், பொடி விக்கிறவர்."

"நாளைக்கு எவனாவது வந்து ஏன்டா ஏமாத்தினீங்கன்னு கேட்டா?"

"அவங்க மூணு பேரும்தான் பதில் சொல்லணும்."

"அட," என்றாள் அம்மா. "நல்ல காரியம்தானே பண்ணியிருக்காங்க."

போகிற வழியில் அவள் ஒரு கூடை தக்காளி வாங்கினாள். கூடவே, கொட்டேஷன் எதுவும் இல்லாமல், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

ஆகவே அந்த இதழை யாரும் குறை சொல்ல வேண்டாம். வெளியிட்டது ஒரே ஒரு திருத்தம். அதையும் பிசகாமல் வெளியிட்டது. கட்டுரையின் தலையில் இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன, பதவியோடு, முகவரியோடு. சம்பந்தமில்லாத ஆள் ஒருவர்கூட அதில் இல்லை. திருடர்கள் பட்டியலைத் திருடர்களே உட்கார்ந்து சரிபார்த்து, தப்பாகச் சேர்ந்துவிட்ட பெயரை அடித்துவிட்டு, கையெழுத்தும் போட்டு அச்சுக்குக் கொடுப்பது வேறு எந்தத் தொழிலில் நடக்கும்?