ஊருக்காக நடந்த செருப்புகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். படுத்துக்கொண்டே ஊரையெல்லாம் சுற்றி வந்த ஒரு மகானின் கதை சொல்கிறேன்.

கடைத்தெருவில் அவருக்கு நடைவள்ளல் என்று பெயர். சர்க்கரையா, ரத்தக் கொதிப்பா? நீங்கள் நடக்க வேண்டாம். செருப்பை ஒரு பையில் போட்டுக் காணிக்கையோடு கொடுத்துவிட்டால் போதும். அவர் கட்டிலில் கண்மூடிப் படுப்பார். அவருடைய ஆவி உங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கும். பலன் உங்கள் உடம்பில் சேரும். சாட்சி, காலையில் செருப்படியில் ஒட்டியிருக்கும் மண். மண் பொய் சொல்லுமா என்று கேட்டது வாசலில் நின்ற கூட்டம். பெரிய காணிக்கைக்குத் தனி வரிசை. ஆவிக்கும் ஆள் பார்க்கத் தெரியும் போலிருக்கிறது.

சின்னக் காணிக்கை வரிசையில் தையல்காரம்மாவும் நின்றாள். உட்கார்ந்தே தைத்துச் சர்க்கரை ஏறிக் கிடந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். தொடங்கிய வாரமே, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போய் நடுத்தெருவில் மயங்கி விழுந்தாள். நாலு பேர் தூக்கிவிட்ட வெட்கத்தில் வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டாள். வள்ளலை நம்பினாள். இப்போது ஊசிக் காது மங்கலாகத் தெரிந்தது. கண் போனால் பிழைப்பும் போச்சு.

அவள் நாத்தனார் செருப்புக் கடையில் வேலை பார்ப்பவள். வாதாடிப் பார்த்து ஓய்ந்துபோய், "இன்னைக்குப் பைய நான் கட்டித் தரேன், அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை கூட்டத்துக்கு நடுவே வள்ளல் அந்தப் பையைத் தூக்கினார்.

"தாயே, உனக்காக மலையே ஏறி இறங்கிட்டேன். வலது காலு மட்டும் கொஞ்சம் கனத்துச்சு. சரி பண்ணிட்டேன், போ."

நாத்தனார் பையை வாங்கி, உள்ளே இருந்ததை உயர்த்திக் காட்டினாள். இரண்டுமே இடது கால் செருப்புகள். இரண்டிலும் ஒரே மாதிரி மண்.

"இதப் போட்டுக்கிட்டு இங்க நாலு எட்டு நடந்து காட்டுங்க, வள்ளலே."

ஆவிக்கு இடது வலது பேதம் கிடையாது என்றார் அவர், முகம் மாறாமல். பெரிய தத்துவம்தான். சிலர் தலையாட்டவும் செய்தார்கள்.

அப்போதுதான் தையல்காரம்மா வாய் திறந்தாள். "அப்ப என் வலது காலு எப்படிங்க கனத்துச்சு?"

ஒருவர் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. யாரோ கட்டிலுக்குப் பின்னால் தொங்கிய திரையை விலக்க, உள்ளே ஈரமண் வாளியும் பழைய பிரஷும் இருந்தன. வள்ளல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிஜமாகவே நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்கு.

தையல்காரம்மா டாக்டரிடம் போய், தெருவில் மயங்கி விழுந்த கதையைச் சொன்னாள். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் மாறியது. சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் வாயில் போட முந்தானையில் மிட்டாய் முடிந்துகொண்டு நாத்தனாரோடு தெருமுனை வரை நடந்தாள். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாளும் நடந்தாள்.

உங்கள் சோற்றை இன்னொருவர் தின்றால் உங்கள் பசி அடங்காது என்று தெரிகிறதே, நடைக்கு மட்டும் ஏனம்மா ஆள் வைத்தீர்கள்? யோசிப்பதற்கும் ஆள் வைத்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் கண்ணும் காலும் குறையாமல் இருக்கட்டும், புத்தி விழித்தே இருக்கட்டும். நல்லா இருங்கள்.